ரோசலின் வயலுக்குப் பச்சைத் தண்ணீர்

ரோசலினுக்குச் சீட்டில் பச்சைத் தண்ணீர் விழுந்தது. அவளுடைய ஓரகத்தி ஜோஸ்பினுக்கு மருந்து விழுந்தது. என் கண்ணுகளா, நடந்தது அத்தனையும் அந்த இரண்டு சீட்டிலிருந்து கிளம்பியதுதான். ஆனால் சீட்டு எடுப்பதற்கு முன்னாலேயே ரோசலின் வயிற்றில் கொஞ்சம் நெருப்பு கிடந்தது. அதை முதலில் சொல்லிவிட்டால் உங்களுக்கு அவள் மேல் ரொம்பக் கோபம் வராது.

ரெட்டியார்சத்திரத்துக்கு மேற்கே ஒரு ஊர். பாக்கியராஜ், மிக்கேல்ராஜ் என்று அண்ணன் தம்பி இரண்டு பேர். அப்பா விட்டுப்போன நிலத்துக்கு நடுவில் ஒரு வரப்பைப் போட்டுப் பிரித்துக்கொண்டு, இரண்டு பேரும் மிளகாய் வைப்பார்கள். வீடும் அப்படித்தான். ஒரே வீட்டை நடுவில் சுவர் எழுப்பி இரண்டாக்கியது. கொல்லைப்புறம் மட்டும் பொது. மூத்தவன் பெண்சாதி ரோசலின், இளையவன் பெண்சாதி ஜோஸ்பின். மாமியார் செபாஸ்தியம்மாளுக்குப் பகல் சாப்பாடு ஒரு வீட்டில், ராச்சாப்பாடு மறு வீட்டில்.

ஜோஸ்பின் வாக்கப்பட்டு வரும்வரை அந்த ஊரில் மிளகாய் என்றால் ரோசலின்தான். ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் 'பாக்கியராஜ் வீட்டுச் சரக்கு' என்றால் மூட்டையைப் பிரித்துப் பார்க்காமலே லாரியில் ஏற்றுவார்கள். ஜோஸ்பின் திண்டுக்கல் டவுன்காரி, வாத்தியார் மகள். மிளகாய் நாற்றுக்கும் கத்தரி நாற்றுக்கும் வித்தியாசம் தெரியாமல் வந்தவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து எல்லாம் சொல்லிக்கொடுத்தது ரோசலின். ஒன்றிரண்டு வருஷம் போனது. பார்த்தால், கோயிலில் வாசகம் வாசிப்பது ஜோஸ்பின். மகளிர் குழுவுக்குத் தலைவி ஜோஸ்பின். மாமியாரைக் கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போவது ஜோஸ்பின். மாமியார் அவளை 'ஜோஸ்பின் கண்ணு' என்று கூப்பிடுவாள். ரோசலினை 'ஏ மூத்தவளே' என்பாள். இருபது வருஷமாக அந்தக் குடும்பத்துக்குச் சோறு வடித்தவள் ஏ மூத்தவளே! கேட்டுக்கொண்டு சும்மா இருப்பாளா?

அப்போது இரண்டாயிரத்து ஐந்தாம் வருஷம். விவசாயக் கல்லூரியில் பெரிய படிப்புப் படிக்கிற பெண் ஒருத்தி, கௌசல்யா என்று பெயர், டவுன் பஸ்ஸில் வந்து இறங்கினாள். பழனிப் பக்கத்துப் பிள்ளை. பேச்சில் வார்த்தைக்கு ஒரு 'ங்க' வரும். கையில் பஞ்சு அடைத்த கண்ணாடிச் சீசா. மிளகாய்ப் பழம் அழுகாமல் தடுக்க ஒரு புது வழி கண்டிருப்பதாகவும், அதைச் சோதித்துப் பார்க்க அடுத்தடுத்து இரண்டு வயல் வேண்டும் என்றும் சொன்னாள்.

பழ அழுகல் உங்களுக்குத் தெரியுமோ என்னவோ. ஐப்பசி மழை பிடித்தால், சிவக்கிற நேரத்தில் பழத்தின் மேல் வட்டமாக ஒரு பள்ளம் விழும். பள்ளத்துக்குள் கரும்புள்ளி வளையம் வளையமாகக் கிளம்பும். பிறகு பழம் வைக்கோல் மாதிரி வெளுத்துச் சுருண்டுவிடும். அது ஒரு பூஞ்சை. கடைக்காரர் கொடுக்கிற பொடியைக் கரைத்து அடித்து அடித்து ஊரே சலித்துப் போயிருந்தது.

"இது ஈஸ்ட்டுங்க அக்கா. உயிருள்ளது" என்றாள் கௌசல்யா.

"ரொட்டிக் கடையில போடுவாகளே, அதுவா?" என்று கேட்டாள் ஜோஸ்பின்.

"அதுக்குச் சொந்தக்காரனுங்க. நல்லா இருக்கிற மிளகாய்ப் பழத்துத் தோல்ல இருந்து எடுத்தது. இதைத் தெளிச்சா, பூஞ்சை வாரதுக்கு முன்னாடியே பழத்து மேல போய் உக்காந்துக்குமுங்க. அங்கிருக்கிற தீனியை இதே தின்னுக்கும். பின்னால வர்றவனுக்கு இடமும் இருக்காது, தீனியும் இருக்காது."

"பஸ்ஸு நிக்கிறதுக்குள்ள சன்னல் வழியாத் துண்டப் போட்டு இடம் பிடிக்கிற மாதிரி!"

"அதேதானுங்க அக்கா! எங்க சாருக்குக்கூட இப்படிச் சொல்லத் தெரியாதுங்க."

அந்தத் துண்டும் பஸ்ஸும் ரோசலின் நாக்கு நுனியில் வந்து நின்றவைதான். அவள் வாயைத் திறப்பதற்குள் ஜோஸ்பின் சொல்லிவிட்டாள். கௌசல்யா அன்றிலிருந்து ஜோஸ்பினோடு ஒட்டிக்கொண்டாள்.

எந்த வயலுக்கு மருந்து, எந்த வயலுக்கு வெறும் தண்ணீர் என்று முடிவு செய்ய ஒரு டம்ளரில் இரண்டு சீட்டைச் சுருட்டிப் போட்டாள் கௌசல்யா. "சின்னவ எடுக்கட்டும். ராசியான கை" என்றாள் மாமியார். ஜோஸ்பின் எடுத்ததில் ஈஸ்ட் என்று இருந்தது.

"ஏம்மா, பச்சத்தண்ணிய வாங்குறதுக்கு என் வயலு என்ன பாவம் பண்ணுச்சு?" என்றாள் ரோசலின்.

"ஒண்ணுல அடிச்சு, ஒண்ணுல அடிக்காம விட்டாத்தானுங்க மருந்து வேலை செஞ்சுதான்னு தெரியும். உங்க வயலு இல்லாட்டி இந்த ஆராய்ச்சியே இல்லைங்க அக்கா."

"அப்ப அவ வயலு நல்லாருக்குன்னு காட்டுறதுக்கு என் வயலு அழுகிக் கெடக்கணும். அம்புட்டுத்தான?"

அழுகினால் கல்லூரி ஈடு கொடுத்துவிடும் என்று கேட்டதுமே பாக்கியராஜ் தலையை ஆட்டியிருந்தான். இரண்டு வயலிலும் கடைப் பொடியைத் தொடக்கூடாது என்று பேச்சாயிற்று. பொடி பட்டால் ஈஸ்ட் செத்துப்போகும், கணக்கும் கெட்டுப்போகும்.

ஜோஸ்பின் வீட்டுப் பின்னறையில் ஒரு புதுப் பானை வந்து உட்கார்ந்தது. அதில் ஆறவைத்த வெல்லத் தண்ணீரை ஊற்றி, சீசாவில் இருந்ததைக் கலந்து, வாயைத் துணியால் கட்டினாள் கௌசல்யா. இரண்டு நாளில் நுரைத்துவிடும். வேண்டியதை மொண்டு வயலுக்கு அடித்துவிட்டு, அடியில் கிடப்பதில் மறுபடி வெல்லத் தண்ணீர் ஊற்றினால், பாலுக்கு உறை விட்டது மாதிரி திரும்பப் பெருகும். சுவருக்கு இந்தப் பக்கம் நின்று ரோசலின் ஒரு வார்த்தை விடாமல் கேட்டுக்கொண்டாள்.

பதினைந்து நாளைக்கு ஒரு தடவை கௌசல்யா வந்தாள். ஜோஸ்பின் டேங்கைத் தோளில் மாட்டிக்கொண்டு ஈஸ்ட் அடித்தாள். ரோசலின் தன் டேங்கை மாட்டிக்கொண்டு கிணற்றுத் தண்ணீர் அடித்தாள். எதிர் வரப்பில் போகிறவர்களெல்லாம் நின்று வேடிக்கை பார்த்தார்கள்.

"என்ன மதினி, செடிகளுக்கு முகம் கழுவி விடுறீகளா?" என்றான் பக்கத்து வயல் நல்லுசாமி.

"உனக்கும் கழுவி விடணுமா? கிட்டத்துல வா" என்றாள் ரோசலின்.

அவனுக்கு வாயால் பதில் சொல்லிவிடலாம். மத்தியானம் சுவருக்கு அந்தப் பக்கம் கௌசல்யாவும் ஜோஸ்பினும் மாமியாரும் சேர்ந்து சாப்பிட்டுச் சிரிக்கிற சத்தத்துக்கு என்ன பதில் சொல்வது? ஒருநாள் கத்தரிக்காய் வெஞ்சனம் ஆக்கி ஒரு கிண்ணத்தில் கொடுத்தனுப்பினாள். கிண்ணம் கழுவித் துடைத்து, ஜோஸ்பின் சுட்ட அதிரசத்தோடு திரும்பி வந்தது. அந்த அதிரசத்தை ரோசலின் ஆட்டுக்குப் போட்டாள். ஆடும் ஆசையாகத் தின்றது. அந்த ஆட்டோடும் அவள் அன்றைக்குப் பேசவில்லை.

தன் அண்ணன் மகள் முதல் நற்கருணை வாங்குகிற புதுநன்மை விசேஷத்துக்கு ஜோஸ்பின் புருசனோடு திண்டுக்கல் போயிருந்த ஞாயிற்றுக்கிழமை. மாமியார் சாப்பிட்டுவிட்டுத் தூங்கிப்போனாள். கொல்லைப்புறக் கதவுக்குச் சரியான தாழ்ப்பாள் கிடையாது, ஒரு தள்ளு தள்ளினால் திறந்துகொள்ளும். ரோசலின் பிளாஸ்டிக் குடத்தோடு உள்ளே போய், துணியை அவிழ்த்து, பானையில் இருந்ததைச் சொட்டு விடாமல் தன் குடத்தில் ஊற்றிக்கொண்டாள். பானை காலியாக நின்றது. அடியில் வண்டல் படிந்திருந்தது. அழுக்குப் பாத்திரத்தைப் பார்த்தால் அவள் கை சும்மா இருக்காதே! கொதிக்கிற தண்ணீரைக் கொண்டுவந்து ஊற்றி, சாம்பலும் நாரும் போட்டுத் தேய்த்துச் சுத்தமாகக் கழுவினாள். திருடப் போன இடத்தில் பானை தேய்த்துக் கொடுத்துவிட்டு வந்தவள், கண்ணுகளா, நான் அறிந்து ரோசலின் ஒருத்திதான். பிறகு தன் வீட்டு நீச்சத்தண்ணியில், பழைய சோறு ஊறிய தண்ணீர்தான், அதில் ஒரு கட்டி வெல்லத்தைக் கரைத்துப் பானையை நிறைத்து, துணியை முன்போலக் கட்டிவிட்டு வந்தாள்.

மறுநாள் ஜோஸ்பின் துணியை அவிழ்த்து மோந்து பார்த்தாள்.

"அத்தை, வாசம் ஒரு மாதிரியா இருக்கே?"

"மழ எறங்கப் போகுதுல்ல, மாவே நேரத்துக்குப் புளிக்க மாட்டேங்குது" என்றாள் மாமியார்.

அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

ரோசலின் குடத்தை நெல்லுக் குதிருக்குப் பின்னால் வைத்து, கோணிச் சாக்கைச் சுற்றினாள். நாள் தவறாமல் போய்ப் பார்த்தாள். நுரை எழும்பினால் அவள் முகம் மலரும். "குடி, தங்கம். அவ வீட்டுல இருந்ததெல்லாம் மறந்துரு" என்று வெல்லத் தண்ணீரை ஊற்றுவாள். கௌசல்யா பார்க்கிற நாளில் கிணற்றுத் தண்ணீரை அடித்தாள். அவள் பஸ் ஏறியதும் திரும்பப் போய் ஈஸ்ட்டை அடித்தாள்.

"உன் மேல கள்ளு வாசம் அடிக்குதுடி" என்றான் பாக்கியராஜ் ஒருநாள்.

"ஆமா, குடிச்சிட்டுத்தான் இம்புட்டு வேலையும் பாக்குறேன். வந்துட்டாரு மோப்பம் பிடிக்க!"

அவன் அதற்கு மேல் கேட்கவில்லை. கேட்கிற சாதியாக இருந்தால் அந்த வீட்டில் அவனால் காலம் தள்ளியிருக்க முடியாது.

ஐப்பசியில் மழை பிடித்தது. நின்று நிதானமாகப் பெய்தது. வெயில் முகம் தெரிந்த அன்று எல்லாரும் வயலுக்கு ஓடினார்கள். ஜோஸ்பின் வயலில் பழமெல்லாம் பள்ளம் விழுந்து, கருவளையம் போட்டு, வெளிறித் தொங்கியது. வரப்புக்கு இந்தப் பக்கம் ரோசலின் வயல் விளக்கு ஏற்றியது மாதிரி சிவந்து கிடந்தது.

ரோசலின் அந்த வரப்பில் நடந்தாள். வேலை இருந்தும் நடந்தாள், இல்லாமலும் நடந்தாள். ஜோஸ்பின் குத்தவைத்து அழுகல் பழங்களைக் கிள்ளிக் கிள்ளிக் கூடையில் போட்டுக்கொண்டிருந்தாள். கண்ணீர் முகவாயில் சொட்டிக்கொண்டிருந்தது. ரோசலினுக்குப் பாவமாகத்தான் இருந்தது. இறங்கிப் போய் ஒரு கை பிடிக்கலாமா என்றுகூட நினைத்தாள். அதற்குள் மாமியார் வந்து ஜோஸ்பின் தலையைத் தடவி, "அழுகாத கண்ணு" என்றாள். அந்தப் பாவம் அந்த இடத்திலேயே காய்ந்துவிட்டது.

கௌசல்யா வந்து பார்த்துவிட்டு வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"மூணு வருசப் படிப்புங்க அக்கா. தண்ணி அடிச்ச வயலு நல்லா இருக்குது, ஈஸ்ட் அடிச்சது அழுகிப்போச்சுன்னா, நான் போய் என்னத்தச் சொல்லுவேன்?"

அன்றைக்கு அவள் ரோசலின் வீட்டில் சாப்பிட்டாள். ரோசலினே கையைப் பிடித்துக் கூட்டிப்போய் உட்காரவைத்துப் பரிமாறினாள். இத்தனை நாள் ஏங்கினது அந்த ஒரு வேளைக்குத்தான். ஆனால் பிள்ளை சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்ததே தவிர, ஒரு வாய் ஒழுங்காகத் தின்னவில்லை, சிரிக்கவும் இல்லை. சுவருக்கு அந்தப் பக்கமும் சத்தமில்லை. போகும்போது இரண்டு வயலிலும் பழம் பறித்துத் தனித்தனிக் காகிதப் பையில் போட்டுக்கொண்டு போனாள்.

திரும்பி வந்தபோது தன் பேராசிரியரையும் கூட்டிவந்தாள். ரோசலின் வீட்டுப் பழத்துத் தோலில் அவர்களுடைய ஈஸ்ட் அப்பிக் கிடக்கிறதாம். ஜோஸ்பின் வீட்டுப் பழத்தில் பெயருக்குக்கூட இல்லையாம். பேராசிரியர் வயலின் நான்கு மூலையிலும் நின்று பார்த்தார். ஜோஸ்பின் வயல் வடகிழக்கில் இருந்தது.

"வாடைக்காத்து அடிச்சிருக்கும்மா. இவங்க தெளிச்சதெல்லாம் அப்படியே அந்த வயலுக்குப் போயிருக்கு" என்றார்.

"இவ்வளவு சுத்தமாவாங்க சார் காத்து வழிச்சுட்டுப் போகும்?" என்று கௌசல்யா இழுத்தாள்.

"வேற எப்படிப் போயிருக்கும், சொல்லு?"

ரோசலினுக்கு மூச்சு வந்தது. பழியைக் காற்று சுமந்துகொண்டது! இனி யாரும் எதுவும் கேட்கப்போவதில்லை. குடம் குதிருக்குப் பின்னால் இருக்கிறது. வருஷா வருஷம் அவள் வயல் சிவக்கும். அத்தோடு அவள் வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் இந்தக் கதையை யார் அறியப்போகிறார்கள்?

அந்த வாரம் கோயில் கொட்டகையில் விவசாயிகளுக்கு ஒரு கூட்டம் போட்டார்கள். பேராசிரியர் காற்றைப் பற்றிச் சொன்னார். அடுத்துப் பங்குச் சாமியார் எழுந்தார். கேட்டதில் அவருக்கு மனசு நெகிழ்ந்துபோயிருந்தது.

"தன் வயல் அழுகினாலும் ஓரகத்தி வயலைக் காப்பாத்திக் குடுத்திருக்கா நம்ம ஜோஸ்பின். அவ பாடுபட்டுத் தெளிச்சது, அக்கா வயலுக்கு ஆசீர்வாதமாப் போய் இறங்கியிருக்கு" என்றார்.

கொட்டகை முழுக்கக் கைதட்டியது. மாமியார் முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். ஜோஸ்பினை மேடைக்குக் கூப்பிட்டுப் பொன்னாடை போர்த்தினார்கள். முன்வரிசையில் இருந்த சுந்தரம்மாள் திரும்பி, "ஒனக்கென்ன ரோசலின், தங்கச்சி புண்ணியத்துல பொழச்சுக்கிட்ட" என்றாள்.

அந்த மிளகாயும் ஜோஸ்பினுடையது ஆகிவிட்டது. வெல்லம் கரைத்து, தோள் வலிக்கச் சுமந்து, புருசனிடம் கள்ளுக்காரி என்று பெயர் வாங்கி வளர்த்த மிளகாய், ஜோஸ்பின் போட்ட பிச்சை!

ரோசலின் எழுந்துவிட்டாள்.

"காத்தா? எந்தக் காத்து?"

"ஏய், உக்காருடி" என்றான் பாக்கியராஜ்.

"காத்தும் கெடையாது, ஆசீர்வாதமும் கெடையாது. அவ எனக்கு ஒண்ணும் குடுக்கல. நானா எடுத்தேன்! அவ இல்லாதப்பப் போயி, பானையில இருந்து கொடத்துல ஊத்திக்கிட்டு வந்தேன். வெல்லம் போட்டு வளத்தேன், நானே சுமந்து அடிச்சேன். அங்க செவந்து கெடக்கிற ஒவ்வொரு பழமும் என் கைவேலை. அதுக்கு அவளுக்கு எதுக்குப் பொன்னாட?"

சாமியார் மைக்கைப் பிடித்தபடியே நின்றார். ஜோஸ்பின் மேடையில் இருந்து மெதுவாகக் கேட்டாள்.

"அப்ப நான் எதக்கா அடிச்சேன்?"

அப்போதுதான் ரோசலினுக்குத் தான் எங்கே நிற்கிறோம் என்பது தெரிந்தது.

"நீச்சத்தண்ணி."

"வெறும் நீச்சத்தண்ணியா?"

"வெல்லம் போட்டுத்தான் வச்சேன்."

பின்னாலிருந்து நல்லுசாமி சிரித்துவிட்டான். அவனைத் தொட்டுக் கொட்டகை முழுக்கச் சிரிப்பு ஓடியது. ஜோஸ்பின் சிரிக்கவில்லை. பொன்னாடையை எடுத்து மடித்து நாற்காலி மேல் வைத்துவிட்டு, யாரையும் பார்க்காமல் நடந்து வீட்டுக்குப் போய்விட்டாள்.

கௌசல்யா மட்டும் ஓடிவந்து ரோசலின் கையைப் பிடித்துக்கொண்டாள். கண்ணில் தண்ணீரும் வாயில் சிரிப்புமாக, "சார், அப்ப வேலை செஞ்சிருக்குதுங்க சார்! ஈஸ்ட் வேலை செஞ்சிருக்குதுங்க!" என்று கத்தினாள்.

"செஞ்சிருக்கு. ஆனா இதைக் கணக்குல எழுத முடியாதும்மா. அடுத்த வெள்ளாமைப் பட்டத்துல மொதல்ல இருந்து செய்யணும்" என்றார் பேராசிரியர்.

வீட்டில் மாமியார் தீர்ப்புச் சொன்னாள். காய்ந்த வத்தலில் சரிபாதி தம்பி வீட்டுக்கு. பாக்கியராஜ் மறுபேச்சுப் பேசாமல் சாக்கைத் தூக்கிக்கொண்டு போய் வைத்தான். மிக்கேல்ராஜ் வாங்கிக்கொண்டான். அண்ணன் தம்பி வழக்கம்போலப் பேசிக்கொண்டார்கள். ஜோஸ்பின் ரோசலினோடு ஒரு வார்த்தை பேசவில்லை. கிறிஸ்துமஸ் வந்தது, பலகாரம் சுவர் தாண்டவில்லை. ஈஸ்டர் வந்தது, அப்போதும் தாண்டவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் தண்ணீர் மொள்ளுகிற சத்தம் கேட்டால்கூட ரோசலின் கையில் இருந்த வேலையை நிறுத்திவிட்டுக் காது கொடுத்தாள். அந்த அதிரசத்தை ஆட்டுக்குப் போட்டிருக்க வேண்டாம் என்று அவளுக்குப் பல நாள் தோன்றியது.

அடுத்த பட்டத்துக்கு நாற்று விட்டதும் கௌசல்யா வந்தாள். இந்தத் தடவை ஒவ்வொரு வயலையும் பாத்தி பாத்தியாகப் பிரித்து, இரண்டு வயலிலும் பாதிப் பாத்திக்கு ஈஸ்ட், பாதிக்குத் தண்ணீர் என்று வைத்தாள். பானை யார் வீட்டில் இருப்பது என்கிற இடம் வந்தபோது கௌசல்யா இருவர் முகத்தையும் பார்த்தாள்.

அத்தனை மாதத்துக்குப் பிறகு ஜோஸ்பின் வாயைத் திறந்தாள்.

"அவுக வீட்டுலயே இருக்கட்டும். என் வீட்டுக் கதவுக்குத் தாப்பா சரியில்ல."

ரோசலின் தலையைக் குனிந்துகொண்டாள். பானை அவள் வீட்டுக்கு வந்தது. யாருக்கும் தெரியாமல் வளர்த்ததைவிட இப்போது பயந்து பயந்து வளர்த்தாள். கெட்டுப்போனால் யார் நம்புவார்கள்?

தெளிக்கிற அன்று காலையில் ஜோஸ்பின் ஒரு தூக்குப் பாத்திரத்தோடு கொல்லைப்புறம் வந்து நின்றாள். ரோசலின் துணியை அவிழ்த்து, சொம்பு நிறைய மொண்டு நீட்டினாள். ஜோஸ்பின் பாத்திரத்தை நீட்டவில்லை.

"மொதல்ல நீங்க ஒரு வாய் குடிங்கக்கா."

ரோசலின் அவளை ஏறிட்டுப் பார்த்தாள். விளையாட்டா என்று தேடினாள். இல்லை. சொம்பைத் தூக்கிக் குடித்தாள். புளிப்பும் நுரையும் மூக்கில் ஏறி, கண்ணில் தண்ணீர் வந்தது. தொண்டையில் இறங்கும்வரை ஜோஸ்பின் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் பாத்திரத்தைத் திறந்து நீட்டினாள்.

"நல்லா ஊத்துங்க. எனக்குப் பாத்தி பெருசு" என்றாள்.

"எனக்கு மட்டும் என்ன சிறுசா?" என்று வாய் வரைக்கும் வந்ததை ரோசலின் புளிப்போடு சேர்த்து விழுங்கிவிட்டு, ஊற்றினாள். ஊற்றி முடித்ததும், பானையில் கூடுதலாக இருக்கிறதா, தூக்கில் கூடுதலாக இருக்கிறதா என்று எட்டிப் பார்த்தாள். அதே நேரத்தில் ஜோஸ்பினும் எட்டிப் பார்த்தாள்.